பச்சைப் பிட்ச் என்பதற்காக அஷ்வினை உட்கார வைத்தது சரியா?

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் இந்தப் பேச்சு எழுந்தால் தே தாரே ஆறிப்போகும். 2023 ஜூனில் லண்டன் ஓவலில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில், டெஸ்ட் பந்து வீச்சாளர் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த ஆஃப் ஸ்பின்னர் (சுழற்பந்து வீச்சாளர்) அஷ்வினை இந்தியா ஏன் எடுக்கவில்லை என்பதுதான் கேள்வி.

டாஸ் நேரத்தில் பிட்ச் பச்சை, வானமும் மூட்டம். ஈரப் புல்லில் பந்து தையல் பட்டு விலகும். அதனால் நான்கு வேகப்பந்து வீச்சாளர்கள், கூடவே ஒரே சுழற்பந்து வீச்சாளராக ஜடேஜா. சரி, முதல் நாளுக்கு இது பொருந்தும். ஆனால் எடுத்த பதினொருவரோடுதான் ஐந்து நாளும் ஓட்ட வேண்டும்.

எங்கள் தோட்டத்துத் திடலையே பாருங்கள். மழை விட்ட காலையில் வழுக்கும் செம்மண், இரண்டு நாள் வெயிலில் பாளம் பாளமாக வெடித்துவிடும். பிட்சும் காயக் காய அப்படித்தான். அதோடு வலக்கை வேகப்பந்து வீச்சாளர்களின் ஷூ ஆணி குத்திக் குத்தி, இடக்கை ஆட்டக்காரரின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குழி விழும். அதில் பட்ட பந்து கூடுதலாகத் திரும்பும்; ஆஃப் ஸ்பின்னருக்கு அது அல்வா மாதிரி. எதிரணியிலோ ஐந்து இடக்கையர்!

கடைசி இன்னிங்ஸில் ஆஸ்திரேலியாவின் ஆஃப் ஸ்பின்னர் லயன் 4 விக்கெட் எடுத்தார். இந்தியா 209 ரன் வித்தியாசத்தில் தோற்றது. நானாக இருந்தால் அந்த நான்கு வேகப்பந்து வீச்சாளர்களில் உமேஷ் யாதவை வெளியே வைத்து அஷ்வினை எடுத்திருப்பேன்.