ஏற்காட்டில் காயாத வாட்டர்கலர்: கிழிப்பதற்கு முன்

தம்பி, ஏற்காட்டில் போடும் வாட்டர்கலர் சேறாகிறது, தாள் நெளிகிறது, சேலம் திரும்பியதும் கிழித்துப் போடுகிறேன், எனக்குத் திறமை இல்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கால்வாசிக் கோளாறு கையில் இல்லை, தாளிலும் ஈரக்காற்றிலும்தான்.

மேகம் இறங்கும் நேரத்தில் முதல் பூச்சு லேசில் காயாது. அதன்மேல் அடுத்த நிறம் வைத்தால் இரண்டும் கலந்து சேறாகும். அங்கே வானத்தையும் தூரத்து மலையையும் ஈரத்தோடே ஒரே மூச்சில் முடியுங்கள். மரம், பாறை விளிம்புகளைப் பென்சிலில் குறித்துவந்து கீழே சேலத்து வெயிலில் தீட்டுங்கள்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) பருத்தித் தாள் வாங்குங்கள். விலை கூடத்தான். ஆனால் 22க்கு 30 அங்குல முழுத்தாளை வெட்டினால் ஏழரைக்குப் பதினொன்றில் எட்டுத் துண்டு கிடைக்கும். நாலு ஓரமும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகே உரியுங்கள். ஈரத்தில் உரித்தால் தாளும் சேர்ந்து வரும். நல்ல தாளை 'கை தேறிய பிறகு' என்று பூட்டி வைக்காதீர்கள். மட்டமான தாளில் தப்பு யாருடையது என்றே தெரியாது.

நிறங்களில் அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, லெமன் எல்லோ போதும். டியூபில் பிஆர் 83 (PR83) என்று நிறமி எண் போட்டிருக்கும் சிவப்பு வேண்டாம், வெளிச்சத்தில் வெளுக்கும்.

கிழிப்பதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். பின்பக்கம் தேதி, இடம், எங்கே கெட்டது என ஒரு வரி எழுதிக் கட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பரப்பினால் ஒரே தவறு எத்தனை முறை வந்தது என்று தெரியும். யாராவது படம் கேட்டால் பாதிப் பணம் வாங்கிய பிறகே தூரிகையைத் தொடுங்கள், சொந்தக்காரரானாலும்.