சி.ஏ.-வுக்குப் பதிலாகவா, வரிவிதிப்புக்காகவே படிப்பதா? ஈரோட்டுத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் மகள் பி.காம். முடித்துவிட்டார். சி.ஏ. படிப்பின் இடைநிலைத் தேர்வான இன்டரில் முதல் குரூப்பை இரண்டு முறை எழுதியும் தாண்ட முடியவில்லை. இப்போது வரிவிதிப்பும் வணிகப் பொருளாதாரமும் சேர்ந்த முதுநிலைப் படிப்பில் சேர ஆசைப்படுகிறார். “சி.ஏ. முடிக்க முடியாதவர்கள் போய் ஒதுங்குகிற இடம்தானே அது?” என்று உறவினர் ஒருவர் கேட்டது உங்களைத் தூங்கவிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். சி.ஏ.-வுக்குப் பதிலாக என்று நினைத்துச் சேர்ந்தால், உறவினர் சொன்னது உண்மையாகிவிடும். தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை சி.ஏ. முடித்தவருக்கு மட்டும்தான். வருமான வரிக்கான டாக்ஸ் ஆடிட்டும் அப்படியே. எந்த எம்.காம்., எம்.ஏ. பட்டமும் அந்தக் கையெழுத்தைத் தராது. சொந்தமாக ஆடிட்டர் அலுவலகம் வைப்பதுதான் மகளின் கனவு என்றால், இன்னொரு முறை இன்டர் எழுதச் சொல்லுங்கள். இப்போது ஆண்டுக்கு மூன்று முறை, ஜனவரியிலும் மே மாதத்திலும் செப்டம்பரிலும், இன்டர் தேர்வு நடக்கிறது. இரண்டு முறை தவறியது பெரிய குறை இல்லை. சி.ஏ. முடித்தவர்களில் முதல் முறையிலேயே எல்லாவற்றையும் தாண்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் மகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். வரிக் கணக்கைச் சரியாகப் போட்டு முடிக்கும்போது அவருக்கு நிறைவு வருகிறதா? அல்லது “இந்த வரியை ஏன் இப்படி வைத்தார்கள், இதனால் வியாபாரம் என்ன ஆகும்” என்று யோசிக்கும்போதா? இரண்டாவதுதான் என்றால் அவர் சரியான வாசலில் நிற்கிறார்.

நீங்கள் ஈரோட்டில் ஜவுளிக்கு நடுவே வாழ்பவர், அதனால் பக்கத்துத் திருப்பூரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கான ஜி.எஸ்.டி. மாறியது. ஓர் ஆடையின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை என்றால் 5 விழுக்காடு, அதைத் தாண்டினால் 18 விழுக்காடு. 2,500 ரூபாய்ச் சட்டைக்கு வாடிக்கையாளர் வரியோடு 2,625 ரூபாய் கொடுப்பார். ஒரே ஒரு ரூபாய் ஏற்றி 2,501 என்று வைத்தால் அவர் 2,951 ரூபாய் கொடுக்க வேண்டும். வரி மட்டும் தெரிந்தவர் இந்த இரண்டு தொகையையும் சரியாகப் போட்டுத் தருவார், அதுவும் தேவையான வேலைதான். வணிகப் பொருளாதாரமும் படித்தவர் அடுத்த கேள்விக்குப் போவார். 2,500-க்கும் 2,800-க்கும் நடுவில் இனி யார் விலை வைக்கப் போகிறார்கள்? 2,700 ரூபாய்ச் சட்டை தைத்தவர் தரத்தைக் குறைத்துக் கீழே இறங்குவாரா, வேலைப்பாட்டைக் கூட்டி 3,500-க்கு ஏற்றுவாரா? கூடுதல் வரியில் எவ்வளவு வாடிக்கையாளர் தலையில் விழும், எவ்வளவு உற்பத்தியாளர் லாபத்தில் கழியும்? விலை ஏறினால் தேவை எவ்வளவு குறையும் என்பதைத்தான் பாடப்புத்தகம் தேவை நெகிழ்ச்சி என்கிறது. பி.காம். முதலாண்டில் மனப்பாடம் செய்து மறந்த அந்தச் சொல் இங்கே பணமாக நிற்கிறது.

அதே சீர்திருத்தத்தில் செயற்கை இழைக்கு இருந்த 18 விழுக்காடும் அதன் நூலுக்கு இருந்த 12 விழுக்காடும் 5 ஆகக் குறைந்தன. அதற்கு முன்பு மூலப்பொருளுக்கு அதிக வரி, முடித்த பொருளுக்குக் குறைந்த வரி. மூலப்பொருளுக்குக் கட்டிய வரி, விற்பனை வரியில் கழித்துக்கொள்ள வேண்டிய உள்ளீட்டு வரவாகத் தேங்கி, ரீஃபண்டுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. நடைமுறை மூலதனம் அதில் முடங்கும்போது சிறு தொழில் வட்டிக்கு வாங்கித்தான் ஓட முடியும். இதை முழுதாகப் புரிந்துகொள்ள வரிச் சட்டமும் வேண்டும், பொருளாதாரமும் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படிப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த இரண்டும் சேருமிடத்தில் நின்ற தமிழர் ஒருவரை உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டும். ராஜா செல்லையா பொருளாதாரம் படித்தவர், சி.ஏ. அல்ல. 1976-ல் டெல்லியில் தொடங்கிய பொது நிதி மற்றும் கொள்கைக்கான தேசிய நிறுவனத்தின் முதல் இயக்குநர் அவர்தான். 1991-ல் மத்திய அரசு அமைத்த வரிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். வரி விகிதத்தைக் குறைத்து, வரி கட்டுவோர் பரப்பை விரிக்க வேண்டும் என்ற அந்தக் குழுவின் சிந்தனைதான் பின்னால் வந்த மாற்றங்களுக்கு அடித்தளம். 1994-ல் தொலைபேசி, பொதுக் காப்பீடு, பங்குத் தரகு என்ற மூன்றே சேவைகளுக்கு 5 விழுக்காட்டில் சேவை வரி தொடங்கியதும் அந்த வழியில்தான். அங்கிருந்து 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வரைக்கும் ஒரு நேர்கோடு வரையலாம். 1993-ல் சென்னைப் பொருளியல் பள்ளியைத் தொடங்கியவரும் அவரே. அது இன்றும் சென்னை கோட்டூரில் இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். நீங்கள் கேட்டதே அதைத்தான்.

தனியார் துறையில் இந்தப் படிப்புக்கு நேராகப் பொருந்துவது டிரான்ஸ்ஃபர் பிரைசிங். ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் சென்னைக் கிளை தன் வெளிநாட்டுத் தாய் நிறுவனத்துக்கு மென்பொருளோ உதிரிபாகமோ கொடுக்கிறது. இரண்டும் ஒரே வீட்டுக்காரர்கள் என்பதால் விலையை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ள முடியும். சம்பந்தமில்லாத இருவர் பேரம் பேசியிருந்தால் என்ன விலை வந்திருக்கும் என்று கணித்து நிறுவ வேண்டும் என்கிறது 2001 முதல் நம் சட்டத்தில் இருக்கும் விதி. ஒத்த நிறுவனங்களைத் தேடி, அவற்றின் லாப விகிதத்தை ஒப்பிட்டு, அறிக்கை எழுதும் வேலை அது. டெலாய்ட், ஈ.ஒய்., கே.பி.எம்.ஜி., பி.டபிள்யூ.சி. போன்ற நிறுவனங்களின் அந்தக் குழுக்களில் சி.ஏ. முடித்தவர்களோடு பொருளாதாரம் படித்தவர்களும் இருக்கிறார்கள். சென்னையிலும் கோவையிலும் பெருகிவரும் பன்னாட்டு நிறுவனங்களின் சேவை மையங்களிலும் வரிப் பிரிவுகள் இருக்கின்றன. எக்செல் விரல் நுனியில் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் பிழையில்லாமல் ஒரு பக்கம் எழுத வர வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் பட்டத்தை மட்டும் கொண்டு போனால் கதவு திறக்காது.

உள்ளூரில் தொழில் செய்ய விரும்பினால் அதற்கும் வழி உண்டு. வணிகவியல் பட்டம் உள்ளவர் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்து, அதற்கான தேர்வில் தேறி, மற்றவர்களுக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். இதற்கு பி.காம். போதும், முதுநிலை தேவையில்லை. அந்தத் தகுதி உங்கள் மகளிடம் இப்போதே இருக்கிறது.

அரசு வேலையில், மத்திய அரசுப் பணிகளுக்குப் பட்டதாரிகள் எழுதும் எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வு வழியாக வருமான வரி ஆய்வாளர், மத்திய ஜி.எஸ்.டி. ஆய்வாளர் பணிகளுக்குப் போகலாம். டி.என்.பி.எஸ்.சி.-யில் குரூப் 1-ல் வணிகவரி உதவி ஆணையரும், குரூப் 2-ல் துணை வணிகவரி அலுவலரும் உண்டு. இவற்றுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதும். முதுநிலை படித்துக்கொண்டே தயாராகலாம், பாதிப் பாடம் கைகொடுக்கும்.

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். என்னிடம் வருபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. படிப்பின் உள்ளடக்கத்தைப் போலவே, சான்றிதழில் அச்சாகும் பெயரும் முக்கியம். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்குப் பொருளாதாரம், பயன்பாட்டுப் பொருளாதாரம், வணிகப் பொருளாதாரம், பொருளாதார அளவையியல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் முதுநிலைப் பட்டம் கேட்கிறார்கள். ‘எம்.ஏ. வணிகப் பொருளாதாரம்’ என்று இருந்தால் விண்ணப்பிக்கலாம். எம்.காம். படித்து அதில் வணிகப் பொருளாதாரம் ஒரு பாடமாக இருந்தால் முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் இதே காரணத்தால் என் முன்னால் உட்கார்ந்து அழுதான். சேரும்போது கல்லூரியில் “எல்லாம் ஒன்றுதான்” என்றிருக்கிறார்கள். அவன் இரண்டு ஆண்டு படித்த பிறகுதான் அறிவிக்கையையே பார்த்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆசிரியர் வேலைக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளி முதுநிலை ஆசிரியராக வணிகவியல் முதுநிலைப் பட்டமும் பி.எட்.-டும் வேண்டும். வழக்கத்தில் இல்லாத பெயரோடு பட்டம் இருந்தால், அது எம்.காம்.-க்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கல்லூரி வேலை என்றால் நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். நெட் தேர்வின் வணிகவியல் பாடத்திட்டத்தில் உள்ள பத்து அலகுகளில் மூன்றாவது வணிகப் பொருளாதாரம், பத்தாவது வருமான வரியும் நிறுவன வரித் திட்டமிடலும். உங்கள் மகள் தேடும் இரண்டு துறைகளும் அங்கேயே சேர்ந்திருக்கின்றன. அதனால் கவர்ச்சியான பெயருள்ள படிப்பைவிட, நல்ல ஆசிரியர்கள் இருக்கும் கல்லூரியில் சாதாரண எம்.காம். பல நேரம் பாதுகாப்பானது என்பது என் கருத்து. பொருளாதாரத்தின் பக்கம்தான் மனம் என்றால் எம்.ஏ. பொருளாதாரமோ எம்.ஏ. வணிகப் பொருளாதாரமோ படிக்கட்டும்.

அப்படிப் போவதாக இருந்தால் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பிளஸ் டூ-வில் வணிகக் கணிதம் எடுத்தாரா, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் எடுத்தாரா? முதுநிலையில் வகை நுண்கணிதமும் புள்ளியியலும் தொடர்புப் போக்கு (ரெக்ரெஷன்) ஆய்வும் வரும். கணிதம் விட்டுப்போனவர் சேர்வதற்கு முன் மூன்று மாதம் உட்கார்ந்து அடிப்படையைப் படித்துவிட்டால் சமாளிக்கலாம். படிக்காமல் போனால் முதல் செமஸ்டரிலேயே அரியர் விழும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வருகிறது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டை வழக்கு போய், ‘வரி ஆண்டு’ என்ற ஒரே சொல் வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த 80சி பிரிவு 123 ஆகிவிட்டது. பாடத்திட்டத்தில் இதெல்லாம் ஏறியிருக்கிறதா, இல்லை இன்னும் பழைய பிரிவு எண்களையே நடத்துகிறார்களா என்று பாருங்கள். எண்களும் விகிதங்களும் இனியும் மாறும். மாறும்போது தானே படித்துப் புரிந்துகொள்ளப் பழக்குகிற ஆசிரியர் இருக்கிறாரா என்பதை அங்கே படிக்கும் இரண்டாமாண்டு மாணவர்களிடம் கேளுங்கள், உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

பணத்தைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ இடம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். கடன் வாங்கி லட்சக்கணக்கில் கட்டிப் படிக்கும் அளவுக்கு இந்தப் படிப்பு உடனே திருப்பித் தராது. மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல மடிக்கணினி வாங்கிக் கொடுங்கள். வகுப்பு முடிந்து மாலை மூன்று மணி நேரம் உள்ளூர் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் உட்காரட்டும், சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. மாதம் பிறந்தால் விற்பனை விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர்.-1 ரிட்டர்ன், 20-ஆம் தேதிக்குள் வரி கட்டும் 3பி ரிட்டர்ன், காலாண்டுக்கு டி.டி.எஸ். ரிட்டர்ன் என்று கை பழகினால், வகுப்பில் கேட்கும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கடைக்காரரின் முகம் நினைவுக்கு வரும்.

மகள் சி.ஏ.-வை முழுதாக விட்டுவிட வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்வி இருக்கிறது. இன்டரின் முதல் குரூப்பில் வரிவிதிப்பும் ஒரு தாள். முதுநிலையில் ஓராண்டு வரி படித்த பிறகு மறுபடி எழுதிப் பார்க்க அவருக்கே தோன்றலாம். தோன்றினால் எழுதட்டும். தோன்றாவிட்டால் நீங்கள் நினைவூட்ட வேண்டாம்.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இரண்டு கல்லூரிகளின் பாடத்திட்டத்தையும், சான்றிதழில் அச்சாகும் பட்டப் பெயரையும் எழுத்துப் பிசகாமல் எனக்கு அனுப்புங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முன்பே பார்த்துச் சொல்கிறேன். அடுத்த முறை உங்கள் மகளையே பேசச் சொல்லுங்கள்.