பிளேட்டோவின் ‘ஹெர்மொக்ரடீஸ்’ எங்கே கிடைக்கும்?

எங்கேயும் கிடைக்காது, அப்படி ஒரு நூலே இல்லை. 1992-இல் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த ஃபேட் ஆஃப் அட்லாண்டிஸ்’ விளையாட்டில் நீங்க பார்த்த அந்தத் தொலைந்த உரையாடல் கதைக்காகக் கட்டினது.

ஆனா ஆள் கற்பனை இல்லை, குழப்பமே அதனாலதான். ஹெர்மொக்ரடீஸ் சிராக்யூஸ் என்ற கிரேக்க நகரத்தின் தளபதி. பிளேட்டோ எழுதிய உரையாடல் நூல்களான ‘திமேயஸ்’, ‘கிரிட்டியாஸ்’ ரெண்டிலும் சபையில் உட்கார்ந்திருப்பார். அந்தச் சபையில் கிரிட்டியாஸ் என்பவருக்கு அப்புறம் பேச வேண்டியது இவர்னு சாக்ரடீஸே சொல்றார். முறை வரவே இல்லை, பாவம்! அந்தக் காலி நாற்காலியில்தான் விளையாட்டுக்காரங்க ஏறி உட்கார்ந்துட்டாங்க.

சந்தேகம்னா ‘கிரிட்டியாஸ்’ கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்க: ஜீயஸ் தேவர்களைக் கூட்டி, பேச வாயெடுக்கிறார். பாதி வாக்கியத்தில் அறுந்து நிற்கும்.

ஒண்ணு மட்டும்: கடலில் மூழ்கியதா சொல்லப்படும் அட்லாண்டிஸ் தீவின் காலக்கணக்கு பத்து மடங்கு கூடிப்போச்சு என்கிற ‘பத்து மடங்குப் பிழை’யை பிளேட்டோ தலையில் கட்டாதீங்க. அட்லாண்டிஸ் கதை நடந்து 9,000 ஆண்டு ஆச்சுன்னுதான் அவர் எழுதினார். அதை 900 ஆக்கிப் பார்த்தது பிற்கால ஆய்வாளர்கள்.