சாட்சி சொல்ல ஒன்றும் இல்லையே, அண்ணாச்சி!

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. கோடை லீவில் வாலிபர் கூட்டத்தோடு வடக்கே பணித்தளம் (மிஷனெரிகள் ஊழியம் செய்கிற இடம்) பார்க்கப் போனவர்களும் போனவர்களைப் பெற்றவர்களும் எழுதியவை. முதல் கடிதம் நீளம், சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் சேகரத்திலிருந்து பன்னிரண்டு பேர் ஒடிசாவில் ராயகடா பக்கம் ஒரு மலைக் கிராமத்துக்குப் பத்து நாள் போய் வந்தோம். வந்த ஞாயிற்றுக்கிழமையே, ஆண்டவர் அங்கே என்ன செய்தார் என்று எல்லோரும் சபையில் சாட்சி சொல்ல வேண்டும் என்றார் எங்கள் சபை ஐயர். ஒரு தங்கச்சி, ராத்திரி ஜெபத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்தது என்றாள். ஒரு அண்ணன் தேவ சத்தம் கேட்டேன் என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாஷை தெரியாததால் என்னை அடுப்படியில் விட்டுவிட்டார்கள். வெங்காயம் உரித்தேன், தண்ணீர் சுமந்தேன், நாலாம் நாள் வயிற்றுப்போக்கு வந்து படுத்துவிட்டேன். ஒரே ஒரு காரியம்தான் மனதில் நிற்கிறது. ஈர விறகை ஊதி ஊதி என் கண் எரிந்து தண்ணீராய்க் கொட்டியபோது, பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, 'கனு, கனு' என்று ஏதோ சொன்னார். பத்து நாளில் எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை அதுதான். ஏனென்று தெரியவில்லை, புகை போன பிறகும் அழுதேன். இதையெல்லாம் சபையில் சொல்ல முடியுமா? 'எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் போனது வீண்தானா?
- ஒரு வாலிபன், நாசரேத் பக்கம்

பதில்: தம்பி, நீ போனது வீண் இல்லை, உட்கார்ந்ததுதான் தப்பு.

முதலில் அந்த 'கனு'. அது நம் 'கண்'தான். உனக்குப் புரிந்ததில் ஆச்சரியம் இல்லை. அந்த மலைகளில் கோந்த் மக்கள் பேசுகிற குயி, குவி மொழிகள் நம் தமிழுக்குச் சொந்தம். இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர், உன் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய இடையன்குடியில் கிடந்த மனுஷன். 1841-ல் அந்தச் செம்மண் காட்டுக்கு வந்த கால்டுவெல், 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடத்தோடு அந்த மலைக்காரர்கள் பேச்சையும் ஒரே குடும்பத்தில் வைத்தார். நீ அதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு கிழவியின் முந்தானையில் தெரிந்துகொண்டாய். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது.

இப்போது என் கதை. எனக்கு இருபது வயது இருக்கும்போது எங்கள் சபை உபதேசியாரோடு தேரிக்காட்டுப் பக்கம் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கப் போனேன். பங்குனி வெயில். மணலில் சைக்கிளை உருட்டவும் முடியவில்லை, தூக்கவும் முடியவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு பனையடியில் பதநீர் இறக்கிக்கொண்டிருந்த பெரியவர் எங்களைக் கூப்பிட்டு, ஓலையில் பட்டை பிடித்து ஊற்றினார். காசு நீட்டினால் வாங்கவில்லை. உபதேசியார் விடுவாரா, ஒரு கைப்பிரதியை நீட்டினார். 'எனக்கு வாசிக்கத் தெரியாது, நீங்களே வாசிங்க' என்றார் பெரியவர். உபதேசியார் நின்றபடியே முழுவதும் வாசித்தார். கேட்டு முடித்துவிட்டு, 'சரி, இன்னொரு பட்டை குடிங்க' என்றார். அவ்வளவுதான் நடந்தது. அவர் ஞானஸ்நானம் எடுத்தாரா என்று யாரும் கேட்காதீர்கள், அந்தப் பக்கம் மறுபடி நாங்கள் போகவே இல்லை. ஆனால் ஆண்டவரிடம் நான் எதையாவது கையால் வாங்கிக் குடித்தேன் என்றால் அது அன்றைக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு நினைத்தது என்னவென்றால், மூன்றாவது பட்டை கேட்கலாமா என்றுதான்.

எம்மாவு ஊருக்கு நடந்த இரண்டு சீஷர்களைப் பார். வழியெல்லாம் உயிர்த்தெழுந்த இயேசு கூடவே நடந்து வேதத்தை விளக்கிக்கொண்டு வருகிறார், இவர்களுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. சாப்பாட்டில் உட்கார்ந்து அப்பத்தைப் பிட்ட பிறகுதான் தெரிகிறது, தெரிந்த மறு நிமிஷம் ஆளைக் காணோம். யாக்கோபுக்கும் வழியில் படுத்துத் தூங்கி எழுந்த பிறகுதான் ஆண்டவர் அந்த இடத்தில் இருக்கிறார் என்று புரிந்தது. சிலிர்த்தவளை நான் குறை சொல்லவில்லை, அவளுக்குச் சிலிர்த்திருக்கும். ஆனால் மைக்கைக் கையில் கொடுத்து எல்லோருக்கும் சிலிர்க்க வேண்டும் என்று சபையே காத்திருந்தால், சிலிர்க்காதவன் ஒன்று பொய் சொல்வான், இல்லையென்றால் உன்னைப்போல் உட்கார்ந்துவிடுவான்.

அடுத்த முறை கேட்டால் அந்தப் பாட்டியைப் பற்றிச் சொல். சொல்லும்போது அவளை 'இருளில் கிடந்தவள்' என்று படம் காட்டிவிடாதே. கண் தெரியாமல் நின்றவன் நீ, துடைத்துவிட்டவள் அவள்.

கேள்வி: அண்ணாச்சி, என் மகன் இப்படி ஒரு பயணம் போய் வர ஒன்பதாயிரம் ரூபாய் ஆனது. அதை அப்படியே பணித்தளத்துக்குக் காணிக்கையாக அனுப்பியிருந்தால் ஆண்டவர் சந்தோஷப்பட மாட்டாரா?
- ஒரு தாய், சாத்தான்குளம்

பதில்: அம்மா, நீங்கள் கேட்பதில் பாதி நியாயம் உண்டு. பன்னிரண்டு பேர் போய் இறங்கினால் அங்கே இருக்கிற மிஷனெரி குடும்பத்துக்குப் பத்து நாளும் விருந்தாளி வேலைதான். அந்த ஊர்க்காரர்கள் முட்டைக்கு வைத்திருந்த கோழியை அடித்துப் போடுவார்கள், வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. இரண்டு மூன்று பேராகப் போய், கொஞ்சம் கூடுதலாகத் தங்கி, அவர்கள் சொன்ன வேலையைச் செய்துவிட்டு வரலாம் என்பது என் கட்சி. கூட்டமாய்ப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் பணம் மட்டும் போனால் போதும் என்றும் சொல்லமாட்டேன். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது நம் ஜனங்கள் காணிக்கையும் கொடுத்தார்கள், தெலுங்கு நாட்டில் டோர்னக்கல் பக்கம் ஆட்களையும் அனுப்பினார்கள். அந்தச் சங்கத்தில் முன்னால் நின்ற வெள்ளாளன்விளை அசரியா 1912-ல் டோர்னக்கல்லுக்கே பேராயராகிப் போனார். போனவர்களுக்கு அங்கே தெலுங்கு படிப்பதே பெரிய பாடு.

உங்கள் வீட்டில் கைப்பிடி அரிசி எடுத்து வைக்கிற வழக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன். என் அம்மா உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் ஊழியத்துக்கென்று ஒரு கைப்பிடியைத் தனி டப்பாவில் போடுவாள். அரிசி தட்டுப்பாடான வருஷத்தில் கைப்பிடி சின்னதாகும், நிற்காது. உங்கள் மகனிடம் அந்த டப்பாவைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு மாதம் அவனே எடுத்துப் போடட்டும். அப்புறம் ஒன்பதாயிரம் வீணா இல்லையா என்று நீங்களே எனக்கு எழுதலாம்.

கேள்வி: பணித்தளத்தில் இருந்தவரை ஆண்டவர் பக்கத்திலேயே இருந்ததுபோல் இருந்தது. வந்து இரண்டே வாரத்தில் எல்லாம் போய்விட்டது. ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்று சேலை மடிக்கிறேன். இங்கே அவரை எப்படி உணர்வது?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தங்கச்சி, அங்கே போனில் டவர் கிடைத்திருக்காது, எட்டு மணிக்குத் தூங்கியிருப்பீர்கள், யாரும் விரட்டியிருக்க மாட்டார்கள். அதனாலேயே பாதி சமாதானம் வந்திருக்கும், அதையும் ஆண்டவர்தான் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மாவும் முதலில் மாட்டு வண்டியில் ஊர் ஊராய்ப் போய் சுவிசேஷம் சொன்னவர்தான். 1901-ல் ஒரு சின்னப் பெண் கோயிலிலிருந்து தப்பி அவரிடம் வந்தாள், பிறகு பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள், வண்டி நின்றுபோனது. குளிப்பாட்டுவதும் பால் புகட்டுவதும் ஊழியமா என்று அவரே யோசித்திருக்கிறார். சீஷர்களின் காலைக் கழுவ இயேசு துண்டை எடுத்ததை நினைத்துக்கொண்டுதான் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். 1951-ல் சாகும்வரை டோனாவூரிலேயே இருந்தார்.

ஆனால் உங்களிடம் நான் வேறொன்று கேட்க நினைக்கிறேன். எலியா களைத்துப்போய் சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான். நீங்கள் கடையில் உட்கார ஸ்டூல் இருக்கிறதா? கடையில் நிற்பவர்களுக்கு இருக்கை கொடுக்கவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. கூட வேலை பார்க்கிற பிள்ளைகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு முதலாளியிடம் கேளுங்கள். கொடுத்தாரா என்று எழுதுங்கள்.