கணினிக் கேள்வி பதில்: சிமியுலேஷனைப் பாதியில் சேமித்து மீட்பது

(கட்டளைப் பெயர்களை ஒலிப்படியே தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது முன்னால் இரண்டு சிறுகோடு சேர்த்து ஆங்கில எழுத்தில் தட்டவும்.)

கல்முனைச் சந்தியில் நாலு வகைச் சிக்னல் நேரங்களை சூமோவில் (வீதிப் போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) ஒப்பிடுகிறேன். வெறும் வீதியில் வாகனம் நிரம்ப அரை மணி நேரம் போகிறது. அதனால் 1800ஆவது செக்கனில் நிலையைச் சேமித்து அங்கிருந்து தொடங்குகிறேன். ஆனால் இடைநிறுத்தாமல் ஓட்டினால் வரும் விடையும் மீட்டு ஓட்டினால் வரும் விடையும் ஒத்துவரவில்லை. ஏன்?
— பொறியியல் மாணவி, ஒலுவில்

முதல் சந்தேகம் தற்செயல் எண் வரிசையில்தான் இருக்க வேண்டும். நிலைக்கோப்பு அதை வழமையாகச் சேமிப்பதில்லை. முன்னால் போகும் வாகனத்தைப் பின்தொடர்வதற்கு சூமோ வழமையாகப் பயன்படுத்தும் க்ராவுஸ் மாதிரியில் சாரதியின் தடுமாற்றத்துக்கு சிக்மா என்ற அளவு உண்டு, சொல்லாவிட்டால் 0.5. ஒவ்வொரு அடியிலும் (சிமியுலேஷன் நேரம் நகரும் ஒரு படி) ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு தற்செயல் எண் எடுக்கப்படுகிறது. மீட்கும்போது அந்த வரிசை அதன் தொடக்க எண்ணான சீட் எண்ணிலிருந்து (வழமையாக 23423) மறுபடி தொடங்குகிறது. ஒரு ஓட்டோ அரைச் செக்கன் முந்திப் பிரேக் பிடித்து ஒரு பச்சையைத் தவற விட்டாலே போதும், பின்னால் வரும் வரிசை முழுவதும் மாறிவிடும். சேமிக்கும் ஓட்டத்தில் சேவ்-ஸ்டேட்.ஆர்என்ஜி என்பதைச் சேருங்கள்.

அடுத்தது துல்லியம். நிலைக்கோப்பு எண்களைத் தசமத்துக்குப் பின் இரண்டு இடத்தோடு எழுதி முடித்துவிடும். சேவ்-ஸ்டேட்.ப்ரிசிஷன் 6 என்று கொடுங்கள். மீட்கும்போது கோப்பை ஏற்றும் லோட்-ஸ்டேட்டோடு, தொடங்கும் நேரமான பிகின் 1800 என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். அடி நீளமும் (ஸ்டெப்-லெங்த்) மோட்டார் சைக்கிள்கள் பக்கத்தால் நுழைந்து போவதற்கு வைத்த லேட்டரல்-ரெசொலூஷனும் இரண்டு ஓட்டத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

சரிபார்க்க நம்பகமான வழி ஒன்று உண்டு. ஒரு ஓட்டத்தை 0 முதல் 3600 வரையும், மீட்ட ஓட்டத்தை 1800 முதல் 3600 வரையும் எப்சிடி-அவுட்புட்டோடு (ஒவ்வொரு அடியிலும் ஒவ்வொரு வாகனத்தின் இடத்தையும் வேகத்தையும் எழுதும் வெளியீடு) ஓட்டி, 1800க்குப் பிந்திய பகுதியை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். முதல் அடியிலேயே பெரிதாகப் பிரிந்தால் பிகினையும் அடி நீளத்தையும் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனால் பெரும்பாலும் தற்செயல் எண்ணோ துல்லியமோதான்.

சிக்னல் விடயத்தில் இன்னுமொரு பொறி இருக்கிறது. நிலைக்கோப்பில் சிக்னலின் அப்போதைய கட்டமும் சேர்ந்தே எழுதப்படுகிறது. ஆகவே புதிய நேர அட்டவணையைக் கோப்பில் சேர்த்தாலும், மீட்ட பின் எந்த புரோகிராம் (சிக்னல் நேரத் திட்டம்) ஓடுகிறது என்று பார்க்காமல் விட வேண்டாம். ஓடும் சிமியுலேஷனை வெளியிலிருந்து கட்டுப்படுத்தும் ட்ராசி வழியாக செட்புரோகிராம் கொடுத்து நீங்களே மாற்றிவிடுவது நிச்சயமானது.

கேட்காத ஒன்றையும் சொல்கிறோம், ஏனென்றால் ஆய்வின் முடிவு இதில்தான் தங்கியிருக்கிறது. ஒரே நிலைக்கோப்பிலிருந்து நாலு திட்டத்தையும் ஓட்டி ஒன்றை வென்றது என்று எழுதாதீர்கள். 1800ஆவது செக்கனில் எந்தப் பக்கம் எவ்வளவு வரிசை நின்றது என்பதே தற்செயல்தான். பத்து சீட் எண் எடுத்து, பத்துக்கும் தனித்தனியாக அரை மணி நேரம் ஓட்டிச் சேமித்து, ஒவ்வொன்றிலிருந்தும் நாலு திட்டத்தையும் ஓட்டி, சோடி சோடியாக ஒப்பிடுங்கள். தற்செயல் எண் நிலை கோப்பில் இருந்தால் மீட்கும்போது சீட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. கோப்பில் உள்ளதே செல்லும். சராசரித் தாமதத்தைக் கணக்கிடும்போது 1800க்குப் பிறகு புறப்பட்ட வாகனங்களை மட்டும் எடுங்கள்.

அரை மணி நேரம் நிரப்பினால் போதுமா?
— அதே வாசகி

சம்மரி-அவுட்புட் என்ற சுருக்க வெளியீட்டில் ரன்னிங் என்ற எண்ணை, அதாவது அப்போது வீதியில் இருக்கும் வாகனங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் இன்னும் நிரம்பவில்லை, இல்லையென்றால் வீதி தாங்காத அளவு வாகனம் விடுகிறீர்கள். வலையமைப்பின் நீளமான பயணம் முடியும் நேரத்தை விடக் குறைவாக நிரப்பவே கூடாது. 300 செக்கன் அசையாமல் நின்ற வாகனத்தை சூமோ தூக்கி முன்னால் போட்டுவிடும். நிரப்பும் நேரத்திலேயே அந்த எச்சரிக்கை பல தடவை வந்தால், அந்த நிலையைச் சேமிக்காமல் முதலில் சந்தியைத் திருத்துங்கள்.

பெரிய ஓட்டம் நடக்கும்போது கரண்ட் போய்விடுகிறது. திரும்ப முதலிலிருந்தா?
— வாசகர், காத்தான்குடி

தேவையில்லை. சேவ்-ஸ்டேட்.பீரியட் 900, சேவ்-ஸ்டேட்.பீரியட்.கீப் 3 என்று கொடுங்கள். சிமியுலேஷன் நேரத்தில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கோப்பு எழுதப்படும். கடைசி மூன்று மட்டும் மிஞ்சும். மூன்று ஏனென்றால், எழுதும்போதே கரண்ட் போனால் கடைசிக் கோப்பு அரைகுறையாகக் கிடக்கும். அதை விட்டு முந்தியதை எடுக்கலாம்.

மீட்டுத் தொடங்குமுன் அவுட்புட்-ப்ரிபிக்ஸில் புதுப் பெயர் கொடுக்க மறக்க வேண்டாம். மறந்தால் முந்திய வெளியீட்டுக் கோப்புகள் அதே பெயரில் அழிந்து எழுதப்படும். வீதியில் வாகனங்களை எண்ண வைத்த உணரிகள் மீட்ட கணத்திலிருந்து புதிதாக எண்ணுவதால், அவற்றின் முதல் இடைவெளியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கல்லடிப் பாலத்துக்கு முன்னால் ஒரு லேன் கூட்டினேன். பழைய நிலைக்கோப்பு ஏறவில்லை.
— வாசகர், மட்டக்களப்பு

அந்தக் கோப்பை விரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். மேலே ஸ்னாப்ஷொட் என்ற வரியில் சூமோவின் பதிப்பும் நேரமும். அதன் கீழ் பாதைகள், வாகனங்கள். பிறகு லேன் பெயர் ஒவ்வொன்றுக்கும் கீழே அதில் நிற்கும் வாகனங்களின் பட்டியல். வீதி வரைபடம் அதில் இல்லை, பெயர்கள் மட்டும்தான். வீதி வரைபடத்தைத் திருத்தும் நெட்எடிட்டில் வீதியைத் தொட்டால் சந்திக்குள் இருக்கும் உள்வழிகளின் பெயர்களும் மாறக்கூடும். வலையமைப்பு மாறினால் நிரப்பும் ஓட்டத்தையும் மறுபடி செய்யத்தான் வேண்டும். பாதியில் சூமோவின் பதிப்பை மாற்றுவதும் வேண்டாம்.

பாடசாலை விடும் நேரத்தில் வீதி கடக்கும் பிள்ளைகள் மீட்ட பின் காணாமல் போகிறார்கள்.
— ஆசிரியர், அக்கரைப்பற்று

பாதசாரிகள் தானாகச் சேமிக்கப்படுவதில்லை. சேமிக்கும் ஓட்டத்தில் சேவ்-ஸ்டேட்.ட்ரான்ஸ்போர்ட்டபிள்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள்.