மார்கழியில் எடுத்து வைத்த விதைக்கடலை ஆடியில் பாதிகூட முளைக்கவில்லை. சேமிப்பில் என்ன தவறு?

கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள்: "இடம் பத்தாமல் பங்குனியிலேயே உடைத்து, பருப்பாகச் சாக்கில் கட்டினேன்." சிக்கல் அங்கேதான்.

கடலைக்கு ஓடுதான் குதிர். உடைத்த பருப்பை உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள், அந்தச் சிவப்புத் தோல் எவ்வளவு மெல்லிசு! அது கிழிந்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் காற்றுபட்டுக் காறிப்போகும். முளைக்குருத்து இருப்பதும் பருப்பின் கூர்நுனியில்தான், மிஷினில் உடைக்கும்போது முதல் அடி அதற்குத்தான் விழும். காயாகவே வைத்திருந்து, விதைக்கிற வாரத்தில் கையால் உடையுங்கள்.

அடுத்தது ஈரம். ஹாரிங்டன் என்ற விதை ஆய்வாளர் சொன்ன தோராயக் கணக்கு ஒன்று உண்டு: விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், சேமிக்கிற இடத்தின் சூடு 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும். பயிர் விதைகளை நெடுங்காலம் காக்கும் டெல்லி மரபணு வங்கியில் மைனஸ் 18 டிகிரியில் வைக்கிறார்கள். நம் ஓட்டு வீட்டில் சித்திரை வெயிலை என்ன செய்ய முடியும்? ஈரத்தைத்தான் குறைக்க முடியும். விதைத் தரத்தின்படி கடலையில் ஈரம் 9 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, நெல்லில் 13. காற்றுப்புகாத பையில் அடைப்பதானால் கடலைக்கு 5, நெல்லுக்கு 8. ஏன் இவ்வளவு கறார் என்றால், உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழி கிடையாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அரைகுறையாகக் காய்ந்த வெண்டை விதையைக் கண்ணாடி பாட்டிலில் இறுக மூடி, பெருமையாக அலமாரியில் வைத்தேன். பத்து நாளில் மூடியின் உட்பக்கம் துளித்துளியாக வியர்த்திருந்தது, விதை மேல் சாம்பல் பூசணம். சும்மா துணிப்பையில் தொங்கவிட்டிருந்தால்கூடப் பிழைத்திருக்கும்.

கடலைக்காய் நன்றாகக் காய்ந்ததா என்று பார்க்க ஆட்டினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். அதற்காகக் கொதிக்கிற சிமென்ட் களத்தில் உச்சி வெயிலில் கொட்டாதீர்கள், குருத்து வெந்துவிடும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.

அடுத்த ஆடிக்கு முன் 100 பருப்பை எண்ணி, நனைத்த சாக்கில் பரப்பிச் சுருட்டி, ஈரம் காயாமல் பத்து நாள் பாருங்கள். தரம் பார்த்துச் சான்று கொடுத்து விற்கிற விதைக்கே 70 முளைத்தால் போதும். 60 வந்தால் விதையளவைக் கூட்டிப் போடலாம். பாதிக்கும் கீழே என்றால் செக்குக்குக் கொடுத்துவிடுங்கள். ஆனால் பூசணம் பிடித்ததும் விதைநேர்த்தி மருந்து கலந்ததும் செக்குக்குப் போகிற கடலையில் சேரவே கூடாது.