இறால் விலை இறங்குது, அமெரிக்கச் சந்தை ஏறுது: ஃபண்டை விற்கலாமா?

கேள்வி: ஐயா, எங்களுக்கு மண்டபம். வீட்டுக்காரர் அவர் அண்ணனோடு கூட்டாக ஒரு விசைப்படகு வைத்திருக்கிறார். மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 3,000 ரூபாய் எஸ்.ஐ.பி. (மாதத் தவணை) கட்டியதில் 1,80,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. அதில் 45,000 அமெரிக்கப் பங்குகளில் போடும் ஃபண்டில் இருக்கிறது. துபாயில் இருக்கும் தம்பி, "செப்டம்பர்ல உலகச் சந்தை எல்லாம் விழப்போகுதுக்கா, வித்துட்டு நகை வாங்கிரு" என்கிறான். இங்கே இறால் வாங்கும் கம்பெனிக்காரர்கள் அமெரிக்க வரியைச் சொல்லி இறால் விலையைக் குறைத்துவிட்டார்கள். என்ஜின் வேலைக்கு எங்கள் பங்கு 50,000, அடுத்த ஜூனில் மகள் கல்லூரிக்கு 60,000 வேண்டும். வீட்டுக்காரரின் அண்ணன் மகன் வேறு, ஆப்ஷனில் (பங்குச் சந்தை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் மாதிரி நடக்கும் வியாபாரம்) போட்டுப் பணத்தைப் பெருக்கித் தருகிறேன் என்கிறான். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, மண்டபம்

பதில்: விற்கலாம் தங்கச்சி. ஆனால் எல்லாவற்றையும் அல்ல, தம்பி சொல்லும் காரணத்துக்காகவும் அல்ல.

முதலில் சந்தை எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி 2025 ஆகஸ்ட் 27-ல் நடைமுறைக்கு வந்தது. அன்று விநாயகர் சதுர்த்தி, நம் சந்தைக்கு லீவு. மறுநாள் திறந்ததும் சென்செக்ஸ் சுமார் 700 புள்ளி இறங்கியது. வரி போட்ட அமெரிக்காவிலோ அதே நாளில் எஸ் அண்ட் பி 500 என்ற, பெரிய கம்பெனிப் பங்குகளின் குறியீடு முதல்முறையாக 6,500-க்கு மேல் முடிந்தது. அங்கே சந்தையைத் தூக்கிப் பிடிப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய தொழில்நுட்பக் கம்பெனிகள். என்விடியா என்ற ஒரே கம்பெனியின் மதிப்பு 2025 ஜூலையில் 4 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. இவ்வளவு உயரத்தில் இருப்பது சறுக்கினாலும் ஆச்சரியமில்லை. ஆனால் அது செப்டம்பரிலா, அடுத்த மார்ச்சிலா என்று துபாயிலிருந்தும் சொல்ல முடியாது, நியூயார்க்கிலிருந்தும் சொல்ல முடியாது.

பழைய கணக்கில் அமெரிக்கச் சந்தைக்குச் சராசரியாக மோசமான மாதம் செப்டம்பர்தான். ஆகஸ்டும் லேசுப்பட்டதல்ல. 2011-ல் அமெரிக்காவின் கடன் தரத்தைக் குறைத்தார்கள், 2015-ல் சீனா தன் நாணய மதிப்பை இறக்கியது, இரண்டு முறையும் சந்தைகள் ஆடிப்போயின. 2024 ஆகஸ்ட் 5-ல் ஜப்பானின் பங்குக் குறியீடான நிக்கேய் ஒரே நாளில் 12 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. வட்டி குறைவான யென்னில் கடன் வாங்கி உலகம் முழுக்க முதலீடு செய்திருந்தவர்கள், அங்கே வட்டி ஏறியதும் அவசரமாக விற்று வெளியேறியதுதான் முக்கியக் காரணம். மறுநாளே 10 சதவீதம் ஏறியது. முதல் நாள் பயத்தில் விற்றவர்களைத் தவிர மற்றவர்கள் அதை இப்போது மறந்தேபோயிருப்பார்கள்.

அடுத்து, உங்கள் இறால். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இந்தியாவில் கடலில் பிடிக்கும் இறாலை அமெரிக்கா 2019-லிருந்தே வாங்குவதில்லை. இழுவலையில் மாட்டும் கடல் ஆமை தப்பித்துப் போக ஒரு கருவி பொருத்த வேண்டும் என்பது அவர்கள் சட்டம். நம் படகுகளில் அது இல்லை. அங்கே போவது பண்ணையில் வளர்க்கும் வனாமி, அதிலும் பெரும்பங்கு ஆந்திராவிலிருந்து. ஏற்கெனவே இருந்த வரிகளையும் சேர்த்தால் அதற்கு 2025 ஆகஸ்ட் கடைசியில் வரி 60 சதவீதத்தை நெருங்கியது. போட்டிக்கு நிற்கும் ஈக்வடாருக்கு அப்போது 15 சதவீதம்தான். ஆக, உங்கள் வீட்டுக்காரர் கொண்டுவரும் இறாலுக்கு அந்த வரி நேரடியாகக் கிடையாது. அப்படியானால் கம்பெனிக்காரர் சொல்வது பொய்யா? பாதி. அமெரிக்காவில் விற்காத வனாமி சீனா, ஜப்பான், ஐரோப்பா என்று திரும்பும்போது அங்கெல்லாம் கடல் இறால் விலையையும் கீழே இழுக்கும். ஆனால் வரி வந்த வாரமே, இவ்வளவு வேகமாகக் குறைக்க அது காரணமாகாது. அதே தேதியில், அதே கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை என்ற அளவு) இறாலுக்கு ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் ஜெகதாப்பட்டினத்திலும் என்ன விலை என்று விசாரிக்கச் சொல்லுங்கள். கம்பெனியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் பேரம் பேச வாய் வராது என்பது எனக்கும் தெரியும். அதற்காகத்தான் என்ஜின் வேலையை இன்னொரு முன்பணத்தில் முடிக்காதீர்கள் என்கிறேன்.

சரி, பணத்துக்கு வருவோம். உங்கள் வீட்டு வருமானமே வெளிநாட்டுக்காரன் வாங்குகிறானா இல்லையா என்பதில்தான் இருக்கிறது. சேமிப்பிலும் கால்வாசி வெளிநாட்டுச் சந்தையில் எதற்கு? அந்த ஃபண்டை முழுதாக விற்றுவிடுங்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் அங்கே சந்தை உச்சத்தில் இருந்தது, டாலரும் 88 ரூபாயைத் தாண்டியது, விற்க அது நல்ல நேரம்தான். என்ஜினுக்கு அது போகக் குறைவதை இந்திய ஃபண்டிலிருந்து எடுங்கள். ஒரு வருடம் ஆகாத யூனிட்டுகளுக்கு வெளியேறும் கட்டணம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிக்கான 60,000-ஐயும் இப்போதே எடுத்து வங்கியிலோ தபால் நிலையத்திலோ டெபாசிட் போடுங்கள். ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியை 2025 ஜூனுக்குள் 6.5-லிருந்து 5.5 சதவீதமாக இறக்கிவிட்டதால் வட்டி குறைவாகத்தான் வரும். வரட்டும். ஜூனில் ஃபீஸ் கட்ட வேண்டிய பணத்துக்கு வட்டி முக்கியமில்லை.

மிச்சம் 70,000 ரூபாய் சொச்சம். அதைத் தொடாதீர்கள், எஸ்.ஐ.பி.யும் ஓடட்டும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்து, கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கனை நிறுத்தினால் இரண்டு மூன்று மாதம் நிறுத்திவைக்கலாம், தப்பில்லை. ஆனால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள். கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால் வங்கி அபராதம் பிடிக்கும். அப்புறம் ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலம். அரசு கொடுக்கும் 8,000 ரூபாய் எத்தனை நாளைக்கு வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கும் கையில் ரொக்கம் வேண்டும்.

நகை விஷயத்தில் தம்பியை முழுதாக மறுக்க மாட்டேன். அவசரத்துக்கு அடகு வைத்தால் அன்றே பணம் கிடைக்கும். ஆனால் 2025 ஆகஸ்டிலேயே பவுன் 75,000 ரூபாயைத் தாண்டிவிட்டது; அதற்கு மேல் சேதாரம், செய்கூலி, 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் கொடுத்து, என்ஜின் பணத்தில் வாங்க வேண்டாம். மகளுக்கென்று வாங்குவதானால் மீன்பாடு நன்றாக இருக்கும் மாதத்தில் சிறுகச் சிறுக வாங்குங்கள்.

கடைசியாக அந்த ஆப்ஷன் பையன். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2024-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டுகளில் இந்த வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய். உங்கள் மொத்தச் சேமிப்பே அவ்வளவு வராது. சொந்தக்காரப் பிள்ளை, முகத்தில் அடித்தாற்போல் சொல்ல முடியாதுதான். "பணம் எல்லாம் என்ஜினுக்குப் போயிருச்சுப்பா" என்று சொல்லிவிடுங்கள். போனுக்கு வரும் ஓ.டி.பி.யை மட்டும் அவனிடம் படித்துக் காட்டிவிடாதீர்கள்.